செக்கிங்கம்மாவின் பழகுதுணிகள்

செக்கிங்கம்மாவிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். புடவையென்றால் உள்மடிப்பு, செருப்பென்றால் அடிப்பாகம், பொட்டலமென்றால் ஒட்டின இடம். யாராவது சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறினால், "என்ன விஷயம்?" என்பார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள்கூட அந்தக் கேள்விக்குப் பிறகு ஏதாவது ஒரு விஷயத்தைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பிறவிக் குணம் என்று தெருவில் சொல்வார்கள். அப்படியில்லை, தொழில் குணம். போர்வையும் குயில்ட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு ஃபாக்டரியில், டியூப்லைட்டுக்கு அடியில் போட்ட நீள மேஜையில், செக்கிங் வேலையிலேயே அவர் ஆயுளில் பாதி கழிந்தது. எதிரே வந்து விழும் துணியைப் புரட்டி, பிசிறு எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, விட்டுப்போன தையல் எங்கே என்று தேடி அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். குறையே இல்லாத துணி வந்தால் சந்தோஷப்படக் கூடாது. இன்னொரு தரம் பார்க்க வேண்டும். அங்கே அதுதான் பாடம். வேலையிலிருந்து நின்ற அன்று மிச்சமிருந்த ஸ்டிக்கரையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கண்ணை யார் திருப்பிக் கேட்பது?

கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகன், வெளியூரில் வேலை. டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. அதில் செக்கிங்கம்மாவும் மருமகளும். மருமகள் குள்ளம்; அலமாரியின் மேல்தட்டு எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறுகிறவள். அதிகம் பேசமாட்டாள். வேலையில் குறை வைக்கமாட்டாள். குறையே இல்லாத துணியைக் கண்டால் செக்கிங்கம்மா என்ன செய்வார் என்பதை இப்போதுதான் சொன்னேன்.

மகன் வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வான். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "அவளைக் கொஞ்சம் கவனிச்சுக்கோம்மா" என்றான். கவனிப்பது என்பது நம் பேச்சில் ஒரு பொல்லாத சொல். பிள்ளை பெற்றவளையும் கவனிப்பார்கள், கடையில் களவாடுகிறவனையும் கவனிப்பார்கள், போலீஸ் ஸ்டேஷனில் வேறு விதமாகக் கவனிப்பார்கள். செக்கிங்கம்மா இதில் எதை எடுத்துக்கொண்டார் என்று சொல்லவே வேண்டாம். அடுத்த வாரம் மகன் இன்னும் கொஞ்சம் சேர்த்தான்.

"போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்கறாம்மா. மத்தியானத்துல வீட்டுல இருக்காளா, இல்லையா?"

செக்கிங்கம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், மகன் இந்த மாடிக்கு வருவதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. எப்போதாவது வருகிறவன் அதையும் நிறுத்திவிடுவான். அப்புறம் இந்த இரண்டு அறையில் அவர் மட்டும், கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மட்டும். அவருக்குள் இருந்த பயம் இதுதான். பயம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார், ஜாக்கிரதை என்பார்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குத் தையல் மெஷின் வந்தது. இத்தனை காலம் அடுத்தவர் தைத்த குயில்ட்டில் குறை கண்டாயிற்று, நாமே ஒன்று தைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. குயில்ட் பார்ப்பதற்கு எளிது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் தகடாகப் பஞ்சு. மூன்றும் நழுவாதபடி சுருள் சுருளாக, கொடி கொடியாகத் தையல் ஓட்ட வேண்டும். அதற்கு, ஊசிக்கு அடியில் துணியைக் கடித்து இழுக்கும் பல்லை இறக்கிவிட்டு, துணியைக் கையாலேயே நகர்த்த வேண்டும். கால் பெடலை ஒரு வேகத்தில் அமுக்கும், கை வேறொரு வேகத்தில் போகும். இரண்டும் ஒத்துப்போனால்தான் தையல் ஒரே அளவில் விழும்.

முதல் நாள் அவர் தைத்தது சுருளா, நசுங்கின கரப்பான்பூச்சியா என்று தெரியவில்லை. கீழ்ப்பக்கம் நூல் குருவிக்கூடு கட்டியிருந்தது. கோளாறு மெஷினில்தான், தன்னிடம் இல்லை என்று முடிவு செய்து ரிப்பேர்காரரை வரவழைத்தார். ரிப்பேர்காரர் துணியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், செக்கிங்கம்மாவைப் பார்த்தார்.

"டென்ஷன் ஜாஸ்தியா இருக்கு."

"எனக்கு என்ன டென்ஷன்?"

"உங்களுக்கு இல்லம்மா, நூலுக்கு." ஒரு திருகைத் தளர்த்திவிட்டார். "மெஷின்ல ஒண்ணுமில்ல. கை பழகணும். வேஸ்ட் துணில பழகுங்க. படம் வரலன்னா எழுதிப் பாருங்க. உங்க கைக்கு நல்லாத் தெரிஞ்சது எழுத்துதானே."

அவர் படியிறங்கிப் போன பிறகு, எதற்காக இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறான் என்று செக்கிங்கம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். காரணம் கிடைக்காததால் எழுதிப் பார்த்தார்.

பலித்துவிட்டது. சுருளுக்குத் தடுமாறின கை எழுத்துக்குத் தானாக ஓடியது. ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு ஊசியைத் தூக்காமல், கை அகலத்துக்கு ஒவ்வோர் எழுத்தாக, ஒரே இழையில் போனார். புள்ளி வைக்க நிறுத்தினால் நூல் சிக்கிக்கொண்டது. ஆகவே புள்ளிகளை விட்டுவிட்டார், மெய்யெழுத்தெல்லாம் மொட்டைத் தலையோடு நின்றன. என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மனசில் ஓடினதுதான் ஊசியிலும் ஓடியது. 'கவனி' என்று ஒரு துண்டு முழுக்க. 'எங்கே போகிறாள்' என்று ஒரு துண்டு. 'பின்னால் போய்ப் பார்' என்று ஒன்று. 'பொய் பொய் பொய்' என்று ஓரத்தைச் சுற்றிக் கரை கட்டினாற்போல இன்னொன்று.

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தாலொழிய எழுத்தென்றே தெரியாது. யாராவது கேட்டால் கொடி என்று சொல்லிக்கொள்ளலாம். வாயைத் திறந்து கேட்க முடியாமல் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்ததையெல்லாம் இப்படித் துணியில் இறக்கிவைத்ததில் அவருக்குச் சுகமாகக்கூட இருந்தது. கை நாளுக்கு நாள் திருந்தியது. மனசில் ஒரு சந்தேகமும் இல்லாதவர்கள் எதை எழுதிப் பழகுவார்களோ தெரியவில்லை.

பழகின துணிகள் மேஜையடியில் குவிந்தன. பழகுதுணி என்று அவற்றுக்கு அவரே பெயர் வைத்தார். ஃபாக்டரியில் இருந்தவருக்கு ஒரு சாண் துணியையும் எறிய மனம் வராது. கொடி போட்டதில் ஒன்றை இரண்டாக மடித்து ஓரம் அடித்தார். சூடான பாத்திரத்தைப் பிடிக்க ஆயிற்று. ஒன்று மெஷினுக்கு அடியில் போய் அதன் அதிர்வைக் குறைத்தது. ஒன்று மூக்குக்கண்ணாடி உறையானது. காற்றில் சுவரில் மோதுகிற கதவுக்கு ஒரு திண்டு, தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு சட்டை. டயர்க் கடைக்காரர் வெறும் தரையில் முட்டி போட்டு வேலை செய்வதைப் பார்த்து அவருக்கும் ஒன்று கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு சிரித்தார். இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று மாடி ஏறி முடிக்கும்வரை செக்கிங்கம்மாவுக்கு அதே யோசனை.

எழுத்துப் போட்டவை மட்டும் வெளியே போகக் கூடாது. அவற்றை ஒரு தலையணை உறைக்குள் திணித்து, வாயை மடக்கி, தையல் நாற்காலியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். பெட்டிக்குப் பூட்டு உண்டு, பூட்டுக்குச் சாவி உண்டு, சாவியை யாரும் எடுக்கலாம். தன்னைத் தூக்கிவிட்டு எடுக்க ஆள் வர வேண்டுமே என்பது அவர் கணக்கு. குளிக்கப் போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்.

மருமகளோ நாளுக்கு நாள் சந்தேகத்துக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும், "ஃப்ரெண்ட் வீடு வரைக்கும் போயிட்டு வரேன் அத்தை" என்று கிளம்பிவிடுவாள். குதிகால் செருப்பை ஓரங்கட்டிவிட்டுத் தட்டையான ஷூ வாங்கியிருந்தாள். குள்ளமான பெண் உயரத்தை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. திரும்பி வரும்போது வலது கை மட்டும் வெயிலில் கறுத்திருந்தது, இடது கை அப்படியே இருந்தது. எந்தத் தோழி வீட்டில் பாதி உடம்புக்கு மட்டும் வெயில் அடிக்கிறது? சாப்பிட உட்கார்ந்தால் அவள் இடது கால் தரையை அமுக்கி அமுக்கி மெல்ல விட்டது. ஒருநாள் தட்டைத் துடைக்கிறவள், விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு தன்னை மறந்து நின்றாள். "என்ன பண்ற?" என்றதும் திருட்டு முழி முழித்தாள்.

ஒரு காலையில் தையல் நாற்காலியில் உட்கார்ந்த செக்கிங்கம்மாவுக்கு மெஷின் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. மெஷின் வளராது. எழுந்து உறையைத் திறந்தார். பாதித் துணிகளைக் காணோம்.

கேட்கவும் முடியாது. என் துணி எங்கே என்றால், என்ன துணி அத்தை என்று வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட மாடியிலிருந்து குதிக்கலாம். எடுத்தவள் படித்திருப்பாள். படித்ததைப் பத்திரமாக வைத்திருப்பாள். மகன் வரும் அன்று விரித்துப் போட்டு, 'உங்கம்மா என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க பாருங்க' என்பாள். அன்றோடு எல்லாம் முடிந்தது. மருமகளும் போவாள், மகனும் போவான், சொந்தக் கையாலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. செக்கிங்கம்மா உறையின் வாயில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரே ஒரு தையல் போட்டுவைத்தார். மறுபடி யாராவது திறந்தால் நூல் அறுந்திருக்க வேண்டும். அறுபடவில்லை. வேண்டியதை எடுத்து முடித்தவள் ஏன் திரும்ப வரப்போகிறாள் என்று அதற்கும் பயந்தார்.

அப்புறம் மருமகளின் நகக்கண்ணில் நீலம் தெரிந்தது.

"என்னது கையில?"

"இங்க் கொட்டிடுச்சு அத்தை."

வீட்டில் இங்க் கிடையாது. செக்கிங்கம்மா தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்குத் தைத்த துண்டில் பொய் என்ற சொல் ஊசி உடைகிற வேகத்தில் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் மருமகள் தோளில் உப்பின பையோடு இறங்கினாள். செக்கிங்கம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் பின்னாலேயே இறங்கினார். "எங்கம்மா இவ்வளவு அவசரமா?" என்று டயர்க் கடைக்காரர் தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டார். அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, நின்றிருந்த லாரிக்குப் பின்னால் ஒதுங்கி, அவள் திருப்பத்தைத் தாண்டினதும் தொடர்ந்தார். பெட்ரோல் பங்க், மூடின குடோன், அதற்கப்பால் ஒரு காலி மைதானம். மைதானத்தில் ஒரு கார். காரில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, வாட்டசாட்டமாக ஒருவர்.

ஆள் இவன்தான் என்று நினைத்தார் செக்கிங்கம்மா.  குடோன் சுவரோரம் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டினார். மருமகள் அந்த ஆளோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு, காரின் வலது கதவைத் திறந்து, பையிலிருந்து ஒரு நீலத் திண்டை எடுத்தாள். இரண்டு தட்டுத் தட்டி ஓட்டுநர் சீட்டில் போட்டாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்ததும் அவள் தலை ஸ்டியரிங்குக்கு மேலே எழும்பியது. காரின் கூரையில் ஓட்டுநர் பயிற்சி என்று ஒரு பலகை இருப்பதைச் செக்கிங்கம்மா அப்போதுதான் பார்த்தார். எல்லாக் குறையும் கண்ணில் படுகிறவருக்கு இரண்டடி நீளப் பலகை கண்ணில் படவில்லை.

பலகையைப் படித்து நிம்மதி அடைய அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. திண்டைத் தட்டியபோது அதில் தெரிந்தது கண்ணுக்குள் நின்றது. நீலத்தின்மேல் வெள்ளை வெளேரென்று எழுத்து. அவர் கையெழுத்து.

ஒரு நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. துணி பருத்தி, நூல் பாலியெஸ்டர். பருத்திக்குப் போடுகிற சாயம் பாலியெஸ்டரில் ஏறாது; துணி நிறம் மாறும், நூல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். தைத்த பிறகு சாயம் போடுகிற சரக்குக்குப் பருத்தி நூல்தான் போட வேண்டும் என்று ஃபாக்டரியில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு, ஒரு லாட் முழுவதையும் ரிஜெக்ட் செய்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர், அறுந்துபோகாமல் ஓடுகிறதே என்று வீட்டில் பாலியெஸ்டரைப் போட்டு, மனசில் இருந்ததையெல்லாம் அதில் எழுதிவைத்திருக்கிறார்.

பயிற்சி மாஸ்டர் குனிந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.

"கொஞ்சம் நகரு, என்ன எழுதியிருக்கு? 'கவனி'. சரி. 'பின்னால் போய்ப் பார்'. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால பாரு, பின்னால பாருன்னு நான் தொண்டை வத்தக் கத்தறேன். நீ சீட்லயே தச்சு வச்சுட்ட. யாரு தச்சுக் குடுத்தா?"

"எங்க அத்தை."

"நல்ல மனுஷி. புள்ளி வைக்க மட்டும் மறந்துட்டாங்க."

நல்ல மனுஷி சுவரோரம் கூனிக் குறுகினார். கார் கிளம்பி, குலுங்கி, நின்று, மறுபடி கிளம்பி மைதானத்தைச் சுற்றியது. பிறகு பின்பக்கமாக, மெதுவாக, குடோன் சுவரைப் பார்த்தே வரத் தொடங்கியது. மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி மருமகள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். பிரேக் அடித்தாள்.

"அத்தை?"

ஓடுகிற வயசும் இல்லை, ஓடினால் இன்னும் கேவலம். செக்கிங்கம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். மாஸ்டர் இறங்கி வந்து, விஷயம் தெரிந்ததும் பின்கதவை மரியாதையாகத் திறந்துவிட்டார். "நீங்கதானாம்மா அது? ஏறுங்க. உங்க மருமக எப்படி ஓட்டறான்னு பாருங்க." செக்கிங்கம்மா ஏறினார். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாஸ்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தார்கள். மருமகள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். செக்கிங்கம்மா டம்ளரைத் தொடவில்லை.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"சாயம் போட்டுக் காயவச்ச அப்புறம்தான் தெரிஞ்சுது அத்தை. அது வரைக்கும் கொடின்னுதான் நினைச்சேன். சீட்ல உக்காந்தா எனக்கு ரோடே தெரியல. கெட்டியா ஏதாவது வேணும்னு கேக்காம எடுத்தேன். வெள்ளைன்னா அழுக்காயிடும்னு சாயம் போட்டேன்."

"படிச்சப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

மருமகள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல அழுதேன். அன்னிக்கே கிளம்பிப் போயிடலாம்னுகூட நினைச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். கல்யாணமான நாள்லேர்ந்து உங்க பையன் எனக்கு ஒரு வரி எழுதினதில்ல. எங்க போற, எப்ப வருவன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீங்க என்னைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கீங்க. சரி, நம்மள நினைக்கறதுக்கும் இந்த வீட்டுல ஒரு ஆள் இருக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

அவள் கேலியாகச் சொல்கிறாளா என்று செக்கிங்கம்மா முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"எதுக்கு மறைச்ச? சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"டெஸ்ட்ல ஃபெயிலாயிட்டேன் அத்தை, அதான். பாஸாயிட்டு சொல்லலாம்னு இருந்தேன். ஸ்கூல் வேன் ஓட்ட லேடீஸ் கேக்கறாங்க. லைசென்ஸ் வந்தா வேலைக்கு எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

"உனக்கு எதுக்கு வேன்? அவன் வந்து கூட்டிட்டுப் போகமாட்டானா?"

"எனக்குத் தோணல. அவர் போனே பண்றதில்ல. நான் பண்ணா, அப்புறம் பேசறேன்னு வச்சிடறார்."

"நீதான் எடுக்க மாட்டேங்கறியாமே."

"யார் சொன்னா?"

செக்கிங்கம்மா அவள் கண்ணைப் பார்த்தார். இவள் கண் பொய் சொல்கிற கண்ணாகத் தெரியவில்லை. ஆனால் சாமர்த்தியசாலிகளின் கண் எப்போது அப்படித் தெரிந்திருக்கிறது? இங்கைக் கொட்டிக்கொண்டேன் என்றவள்தானே. அந்தப் பக்கம் பெற்ற பிள்ளை. ஊரில் எல்லோரையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தவருக்கு அவனைத் திருப்பிப் பார்க்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது தோன்றியது. தோன்றினதும் அவருக்கே தன்மேல் கோபம் வந்தது.

அடுத்த விடுமுறை நாள் காலையில், "உன் போனை இங்க வை" என்றார். மருமகள் மெஷின் மேஜையில் வைத்தாள். சத்தம் போடுகிற மாதிரி இருக்கிறதா என்று தன் போனிலிருந்து அதற்கு அடித்துப் பார்த்தார். நன்றாக அடித்தது. அதன்பிறகு அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னார். குளிக்கப் போகும்போது போனைக் கையோடு எடுத்துப் போய்ச் சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டார். மருமகள் ஒன்றும் கேட்காமல் வீட்டு வேலையைப் பார்த்தாள். அவள் சமையலறைக்குப் போனால் ஜன்னல் வழியாக யாருக்காவது ஜாடை காட்டுகிறாளா என்றுகூடச் செக்கிங்கம்மா எட்டிப் பார்த்தார். பகல் போயிற்று. சாயங்காலம் ஒரே ஒரு தடவை போன் அடித்தது. எடுத்தால், கொசுவலை விற்கிறவன்.

இருட்டின பிறகு, "எடுத்துக்கோ" என்று போனைக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு அவனுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வேலைக்கு வரச் சொல்லியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். பேசாமல் இருந்தது குற்றமில்லை. எத்தனையோ ஆண்கள் பேசுவதில்லை. பொய் சொன்னால்தான் குற்றம்.

மறுநாள் அவரே மகனைக் கூப்பிட்டார். மருமகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, விரலை உதட்டில் வைத்துக் காட்டி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"சொல்லும்மா, சாப்பிட்டியா? முட்டி வலி எப்படியிருக்கு?" மகன் குரல் எப்போதும்போல இதமாக இருந்தது.

"பரவால்லப்பா. அவகூட பேசினியா?"

"எங்கம்மா. நேத்து லீவுதானேன்னு காலைலேர்ந்து நாலஞ்சு தடவ அடிச்சேன். ரிங் முழுசாப் போகுது, எடுக்க மாட்டேங்கறா. எங்க சுத்தறாளோ."

செக்கிங்கம்மாவின் காது அந்தக் குரலில் ஒரு பிசிறைத் தேடியது. ஒரு தடுமாற்றம், ஒரு இருமல், ஒரு இழுப்பு. ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது. இவ்வளவு நாளும் இவ்வளவு சுத்தமாகத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"நேத்து பூரா அவ போன் என் மெஷின் மேலதான் இருந்துச்சுப்பா."



"சிக்னல் இல்லையோ என்னமோம்மா."

"நான் அடிச்சுப் பாத்தேன். அடிச்சுது."

"அம்மா, இங்க மேனேஜர் கூப்பிடறார். அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டான். செக்கிங்கம்மாவுக்கு அழுகை வந்தது. அவர் அடக்கவில்லை. மகன்மேல் கோபமாக இருந்தது, அவன் சொன்னதையெல்லாம் திருப்பிப் பார்க்காமல் வாங்கி இவள் தலையில் கட்டின தன்மேல் அதைவிடக் கோபமாக இருந்தது. மருமகள் அழவில்லை. அவள் இதற்காக அழுது முடித்து நாளாகியிருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

செக்கிங்கம்மாவின் போன் அடித்தது. மகன்தான்.

"எடுங்க அத்தை. உங்ககிட்ட பேசத்தான் கூப்பிடறார்."

"அடிக்கட்டும்."

"வருத்தப்படுவார்."

செக்கிங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேஜைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. அதைக் கையால் தள்ளி நடுவில் வைத்தாரே தவிர எடுக்கவில்லை.

"எங்கம்மா போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறாங்கன்னு யார்கிட்டயாவது சொல்லிக்கட்டும்" என்றார். "அதுவாவது உண்மையா இருக்கும்."